ஒரு மின்கலன், ஒரு மின்குமிழ், ஒரு கம்பி: சுங்கை சிப்புட் பயிற்சி ஆசிரியர்களும் கலப்புக் கற்றலும்

இந்த ஆய்வில் வருகிற பயிற்சி ஆசிரியர்கள் யாரும் அறிவியல் ஆசிரியராக வேண்டும் என்று கிளம்பியவர்கள் அல்லர். பெரும்பாலோர் தமிழ்மொழிப் பிரிவு, சிலர் பாலர்பள்ளிக் கல்வி, கூடவே இரண்டொரு தற்காலிக ஆசிரியர்கள். மலேசியாவில் இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கலைப்பிரிவு மாணவர்கள் எழுதும் பொது அறிவியல் தாளோடு இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர்கள். பயிற்றுப்பணிக்காகப் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த வேகத்திலேயே சிலருக்குத் தலைமையாசிரியரிடமிருந்து அந்த வாக்கியம் கிடைத்துவிட்டது: "அஞ்சாம் ஆண்டு அறிவியலையும் கொஞ்சம் பார்த்துக்குங்க டீச்சர், ஆள் இல்ல."

இதில் தலைமையாசிரியரைக் குறை சொல்ல எதுவுமில்லை. 150 பேருக்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் பள்ளியைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. நாட்டிலுள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை அந்த வகை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டியிருந்தது. அப்படித் தோட்டந்தோறும் முளைத்த பள்ளிகளில் பல, ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, மக்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும் நிற்கின்றன. ஆசிரியர் அறை சின்னது. தமிழ் எடுப்பவரே அறிவியலும் எடுப்பார், மாலையில் திடலில் விசிலும் ஊதுவார்.

ஆக, இவர்களுக்கு அடிப்படை அறிவியலில் ஒரு துணைப் பயிற்சி தேவைப்பட்டது. ஆசிரியர் கல்விக் கழகத்தின் அதிகாரப்பூர்வப் பாடத்துக்கு வெளியே, ஒரு பருவம் நடக்கும் ஏற்பாடு. வார நாள்களில் அவரவர் பள்ளி, அவரவர் வீடு. சனிக்கிழமைகளில் பட்டணத்துக்குள் இரவல் வாங்கிய ஒரு வகுப்பறை. ஒருவர் தோட்டத்து லயன் வீட்டில், ஒருவர் லிந்தாங் பக்கம், இன்னொருவர் கோலகங்சாரிலிருந்து மோட்டார்சைக்கிளில். தினமும் கூட்ட முடியாது, முழுக்க இயங்கலையில் (ஆன்லைனில்) விடவும் மனசில்லை. கலப்புக் கற்றல் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அந்தப் பயிற்சியை வழிநடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

காணொளி, வினாடி வினா, சனிக்கிழமை

கைக்கு வந்த ஏற்பாடு எல்லாருக்கும் பழகிய ஒன்றுதான். வாரத் தொடக்கத்தில் பாடக் காணொளி. அதைப் பார்த்துவிட்டுக் கூகள் படிவத்தில் வினாடி வினா. சனிக்கிழமை வந்து சந்தேகம் தீர்த்துக்கொள்வது. இந்த வடிவத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில், உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர்கள் ஜானதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் இருவரும் 2007 வாக்கில், வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். பிறகு எல்லாருமே வீட்டில் பார்க்கட்டும், வகுப்பில் வேலை செய்யலாம் என்று முறையைத் திருப்பிப் போட்டார்கள். நமக்கு அது கொள்ளைநோயோடு வந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அதே ஆண்டு ஜூனில் அமைச்சின் டெலிமா என்ற இயங்கலைக் கற்றல் தளம். 2021 பிப்ரவரி 17இல் டிடிக் டிவி என்ற கல்வி அலைவரிசை. அந்த இரண்டு ஆண்டுகளில் காணொளி எடுக்கத் தெரியாத ஆசிரியர் யாரும் இல்லை என்றாகிவிட்டது. தெரிந்த வேலையை விட மனம் வராது அல்லவா, பள்ளிகள் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது.

முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகப் போவதுபோலத்தான் இருந்தது. மின்சாரப் பாடத்துக்கான வினாடி வினாவில் நல்ல மதிப்பெண்கள். 'தொடர் மின்சுற்றில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் சமம்' என்ற கூற்றுக்குக் கிட்டத்தட்ட எல்லாரும் 'சரி' போட்டிருந்தார்கள். அதனால் அந்தச் சனிக்கிழமை ஒரு சின்னச் சோதனை வைத்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

ஆளுக்கு ஒரு 1.5 வோல்ட் மின்கலன், ஒரு பழைய ரக டார்ச் மின்குமிழ், இரு முனையும் சீவிய ஒரு துண்டுக் கம்பி. தாங்கி இல்லை, விசை இல்லை, இரண்டாவது கம்பி கிடையாது. "எரிய வையுங்க."

பார்க்க எளிதுதான். பலர் மின்குமிழை மின்கலனின் தலைமேல் நிறுத்திவைத்தார்கள். கம்பியின் ஒரு முனையை அடியில் வைத்தார்கள். மறுமுனையை மின்குமிழின் நுனிக்கே, அதாவது மின்கலனைத் தொட்டுக்கொண்டிருக்கிற அதே புள்ளிக்கே, கொண்டுவந்தார்கள். எரியவில்லை. "கம்பி சுடுது சார்" என்று ஒருவர் கையை உதறினார். இன்னொருவர் கண்ணாடியைச் சுற்றிக் கம்பியைக் கட்டிப் பார்த்தார். ஒரு தம்பி, கம்பி எதற்கு என்று ஓரமாக வைத்துவிட்டு, மின்குமிழை மின்கலன்மேல் அழுத்தித் திருகிக்கொண்டிருந்தார். மின்கலன் தீர்ந்துபோனதாக ஒரு கட்சி. குமிழ் உடைந்துவிட்டதாக ஒரு கட்சி.

கடைசியில் ஒரு பயிற்சி ஆசிரியை, கம்பி முனை தற்செயலாகக் குமிழின் பக்கவாட்டு மரையில் பட்டபோது வெளிச்சம் வந்ததைப் பார்த்துவிட்டார். வகுப்பே அவர் மேசையைச் சூழ்ந்தது. எங்கே தொட்டது என்று அவருக்கே தெரியவில்லை, மறுபடி தேட வேண்டியிருந்தது. அதன்பிறகுதான் எல்லாரும் குமிழைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார்கள். நுனியில் ஈயப் பொட்டு. சுற்றிலும் உலோக மரை. இரண்டையும் பிரிக்கும் கறுப்பு வளையம். இழையின் ஒரு கால் நுனிக்கும் மறுகால் மரைக்கும் போகிறது. மின்னோட்டம் ஒரு வழியாக உள்ளே போய், இழையைக் கடந்து, மறுவழியாக வெளியே வர வேண்டும். கம்பி சுட்டவருக்கும் மின்னோட்டம் ஓடத்தான் செய்தது, ஆனால் இழை வழியாக ஓடவில்லை.

பாடநூலில் மின்குமிழ் ஒரு வட்டம், நடுவே பெருக்கல் குறி. அதற்கு இரண்டு பக்கமும் கோடு இழுத்துத் தேர்வு எழுதியே இவர்கள் வளர்ந்திருந்தார்கள். அந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அப்புறம் இரண்டு குமிழ்களைத் தொடராக இணைத்தால் எது அதிகம் ஒளிரும் என்று கேட்டேன். வினாடி வினாவில் 'எல்லா இடத்திலும் சமம்' என்று போட்ட அதே கைகள், "மின்கலனுக்குக் கிட்ட இருக்கிறதுதான்" என்றன. ஏன்? "முதல் குமிழ் கொஞ்சத்தை எடுத்துக்கும், மிச்சம்தானே அடுத்ததுக்குப் போகும்." ஒருவர் கொஞ்சம் வருத்தத்தோடே கேட்டார்: "குவிஸ்ல சரியாத்தானே சார் போட்டேன்?" சரியாகத்தான் போட்டிருந்தார். தேர்வுக்கு ஒரு விடை, உள்ளே நம்புவதற்கு வேறொரு விடை, இரண்டும் ஒன்றுக்கொன்று தொந்தரவு இல்லாமல் ஒரே தலைக்குள் குடியிருந்தன.

மின்னோட்டம் வழியில் செலவாகிவிடுகிறது என்ற இந்த நம்பிக்கை இவர்களுக்கு மட்டும் உள்ளதல்ல. உலகமெங்கும் அறிவியல் கல்வி ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது. ஆனால் ஆசிரியராகப் போகிறவரிடம் இருந்தால் விவகாரம் வேறு. லீ ஷுல்மன் 1986இல் சுட்டிக்காட்டிய விஷயம் இதுதான்: பாடம் தெரிந்திருப்பது ஒன்று, அந்தப் பாடத்தை மாணவர் எப்படியெல்லாம் தப்பாகப் புரிந்துகொள்வார் என்று தெரிந்திருப்பது இன்னொன்று. இரண்டாவது இல்லாத ஆசிரியர், பத்து வயதுப் பிள்ளை அதே தவறைச் சொல்லும்போது அதைத் தவறாகவே உணரமாட்டார். ஏனென்றால் அவருக்கும் அது நியாயமாகத்தான் படும்.

வரிசையை மாற்றியது

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு செய்த மாற்றம் ஒன்றுதான், ஆனால் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. காணொளியைக் கடைசிக்குத் தள்ளினோம். வீட்டுக்கு முதலில் போவது பொருள். ஒரு நெகிழிப் பை: மின்கலன்கள், குமிழ்கள், கம்பிகள், ரப்பர் வளையம், பூதக்கண்ணாடி ஒன்று. அதோடு ஒரு கேள்வி. அதைச் செய்து பார்ப்பதற்கு முன்பே என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) குரல்பதிவாகச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு செய்து பார்க்கலாம். நடந்ததைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். விளக்கம் சனிக்கிழமைக்கு.

குரல்பதிவு ஏன்? எழுதச் சொன்னால் கூகளில் தேடி எழுதுவார்கள். பேசச் சொன்னால் தயங்கித் தயங்கி, தான் நினைப்பதைத்தான் சொல்வார்கள். இன்னொரு காரணம் அலைவரிசை. செம்பனைக்கு நடுவே இருக்கும் வீட்டில் அரைமணி நேரக் காணொளி சுற்றிக்கொண்டே இருக்கும். இருபது விநாடிக் குரல்பதிவு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும்.

பொருள் வாங்குவதிலேயே ஒரு பாடம் காத்திருந்தது. பட்டணத்தில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கேட்டால், "பழைய லம்பு எல்லாம் இப்ப யாரு வாங்குறா பாஸ்" என்று எல்.இ.டி.யைத்தான் எடுத்துப் போட்டார் கடைக்காரர். அதை வாங்கிப்போன ஒருவர் ஒற்றை மின்கலனில் இணைத்துப் பார்த்துவிட்டு, பழுது என்று திருப்பிக்கொடுக்கப் போனார். பழுதில்லை. சிவப்பு எல்.இ.டி. எரியவே சுமார் 2 வோல்ட் வேண்டும். ஒரு மின்கலன் தருவது ஒன்றரை. இரண்டு மின்கலன் போட்டாலும் கால்கள் மாறியிருந்தால் எரியாது, அது ஒரு திசையில்தான் மின்னோட்டத்தை விடும். 9 வோல்ட் சதுர மின்கலனில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடையம் இல்லாமல் நேரடியாக மாட்டினால் கணத்தில் கருகிவிடும். ஆரம்பப்பள்ளிக்கு இழை உள்ள குமிழே நல்லது. தேடிப்பிடித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இனி கிடைப்பது கடினம்.

கணினிப் பாவனைகள், அதாவது திரையில் செய்து பார்க்கும் சோதனைகள், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் பாவனைகளில் மின்சுற்று அமைக்கும் ஒன்று இருக்கிறது. இலவசம், கைப்பேசியிலும் ஓடும். 2005இல் நோவா ஃபிங்கல்ஸ்டீனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், உண்மைக் கருவிகளில் செய்த மாணவர்களைவிட இந்தப் பாவனையில் செய்த மாணவர்கள் மின்சுற்றை நன்றாக விளக்கினார்கள். அதைவிட வியப்பு, பிறகு உண்மையான சுற்றைக் கட்டவும் அவர்களே தேவலை. காரணம் புரிகிறது. கம்பிக்குள் நகர்வது கண்ணுக்குத் தெரியாது, பாவனையில் தெரியும். குமிழுக்கு முன்னாலும் பின்னாலும் புள்ளிகள் ஒரே வேகத்தில் நகர்வதைப் பார்த்தபோதுதான் நம் குழுவிலும் 'செலவாகும்' கட்சி ஆட்டம் கண்டது.

ஆனால் அந்த ஆய்வை மேற்கோள் காட்டி ஆய்வகத்தைப் பூட்டிவிட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாணவர்கள் ஆய்வகத்தில், கூடி உட்கார்ந்து, உதவி ஆசிரியர்கள் சுற்றிவர அதைச் செய்தவர்கள். லயன் வீட்டில் தனியாகக் கைப்பேசியைத் தடவியவர்கள் அல்லர். இன்னொன்று: பாவனையில் குமிழின் இரண்டு இணைப்பு முனைகளும் தெளிவாக வரைந்திருக்கும், வட்டத்தோடு வட்டத்தைச் சேர்த்தால் போதும். நம் சனிக்கிழமைச் சிக்கல் அங்கே எழவே எழாது. அதனால் எங்கள் வரிசை: முதலில் கை, பிறகு வாக்குவாதம், மூன்றாவதாகப் பாவனை, கடைசியில் சின்னக் காணொளி. இந்த வரிசைதான் என் பார்வையில் முழு விஷயமும். எது இயங்கலையில், எது நேரில் என்று சதவீதம் போட்டுப் பிரிப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆளுக்கொரு இடத்தில் இருப்பதால் என்ன லாபம், கூடியிருந்தால் மட்டும் என்ன நடக்கும் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

பல வீட்டு வானம்

ஆளுக்கொரு இடத்தில் இருப்பது லாபமான இடம் நிலாப் பாடம். ஐந்தாம் ஆண்டில் நிலாவின் கலைகள் வரும். பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை என்று குழுவில் பாதிக்கு மேல் சொன்னார்கள், கிரகணத்தையும் பிறையையும் ஒன்றாகப் போட்டு. சுமார் 29.5 நாளுக்கு ஒருமுறை திரும்பும் ஒன்றை இரண்டு மணி நேர வகுப்பில் காட்ட முடியாது. ஆகவே ஒரு மாதம், வானம் தெளிவாக இருக்கும் நாளெல்லாம், நிலா தெரிகிற நேரத்தில் ஒரு படம், அடிவானத்தோடு சேர்த்து. மழை மேகம் ஒருவர் வீட்டு வானத்தை மூடினாலும் இன்னொருவர் வீட்டில் திறந்திருக்கும். குழுவின் புலனத்தில் நிலா நிறைந்தது. ஒருவர் ரப்பர் தோட்டத்துக்குள் விடிகாலையில் தேய்பிறையை எடுத்து அனுப்பினார். அவர் அப்பா பால்வெட்டப் போகும் நேரம் அது.

நிழல் கதையை உடைத்தது பிற்பகல் நிலா. வளர்பிறை எட்டாம் நாள் வாக்கில், வெயில் இன்னும் அடிக்கும்போதே கிழக்குப் பக்கம் பாதி நிலா ஏறியிருக்கும். சூரியன் மேற்கே, நிலா கிழக்கே, நடுவில் நாம். "சூரியன் அந்தப் பக்கம் நல்லாத் தெரியுது, நிலாவும் தெரியுது. நம்ம நிழல் அது மேல எப்படிக்கா போய் விழும்?" என்று ஒரு தம்பி குரல்பதிவில் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அன்றிரவு வந்த பதிவுகளை நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர்களே முட்டிமோதட்டும் என்று.

இரண்டாவது குழப்பம் நான் எதிர்பாராதது. பாடநூலில், சுவரொட்டியில், இணையத்தில் எங்கும் பிறை நிமிர்ந்து நிற்கிறது. இவர்கள் அனுப்பிய மூன்றாம் பிறைப் படங்களில் அது மேற்கு வானத்தில் மல்லாந்து கிடந்தது, இரண்டு கொம்பும் மேலே. ஒரு பயிற்சி ஆசிரியை தன் படத்தைத் திருப்பிச் சரிசெய்து அனுப்பியிருந்தார்! கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்துவிட்டதாக நினைத்தாராம். பக்கத்தில் இருந்த தென்னை படுத்துக்கிடந்ததால் அகப்பட்டுக்கொண்டார்.

திருப்ப வேண்டியதில்லை. சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. இங்கே சூரியனும் நிலாவும் ஏறக்குறைய செங்குத்தாகத்தான் அடிவானத்தில் இறங்கும். மாலையில் பிறை தெரியும்போது சூரியன் அதற்கு நேர் கீழே, அடிவானத்துக்கு அப்பால் இருக்கும். ஒளி விழுவது அடிப்பக்கம். மாதத்துக்கு ஏற்ப அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சற்றுச் சாயலாம், அவ்வளவுதான். நிமிர்ந்த பிறை ஐரோப்பா பக்கத்து வானம். வெளிச்சமான பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்திருக்கும் என்ற விதியை நான் சொல்லவில்லை. சனிக்கிழமை சன்னலை அடைத்து, ஒரு விளக்கு, பென்சிலில் குத்திய பிங்பாங் பந்து, அவரவர் தலையே பூமி என்று சுற்றிப் பார்த்தபோது அவர்களே சொன்னார்கள்.

இதே வழியில் நிழல் குச்சியும் வைத்தோம். மதியம் 12 மணிக்கு நிழல் மிகக் குட்டை என்று எல்லாரும் ஊகித்தார்கள். அளந்தால், குட்டையான நிழல் ஒரு மணிக்கும் பிறகு, 1.15ஐ ஒட்டி வந்தது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். அதற்கு முன்பும் நம் கடிகாரம் சூரியனைவிட முந்தித்தான் ஓடியது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் 10 வாக்கிலும் இங்கே சூரியன் சரியாக உச்சிக்கு வரும், குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். பள்ளித் திடலில் செய்துகாட்ட இதைவிடச் செலவில்லாத பாடம் கிடையாது.

பாட்டியின் மகரந்தம்

திட்டத்தில் இல்லாத ஒன்று மகரந்தச் சேர்க்கைப் பாடத்தில் நடந்தது. வீட்டுக்குக் கொடுத்த கேள்வி: 'உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள ஒரு செடியின் மகரந்தத்தை எது கொண்டுபோகிறது? எப்படித் தெரியும்?' பலரும் செம்பனையைத்தான் எடுத்தார்கள், கண்ணைத் திறந்தால் அதுதானே. காற்று என்று எழுதினார்கள். காய்ந்த தூள், பெரிய பூங்கொத்து, வண்ண இதழ் இல்லை. பாடநூல் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் ஊகம் மோசமில்லை.

ஒருவருடைய குரல்பதிவில் மட்டும் பின்னணியில் பாட்டியின் குரல்: "காத்தாவது கீத்தாவது, நாங்கல்ல தூவினோம்." அந்தப் பாட்டி இளவயதில் தோட்டத்தில் மகரந்தம் தூவும் வேலை பார்த்தவர். ஆண் பூவின் தூளைச் சேர்த்து, டால்கம் மாவில் கலந்து, ஊதுகுழல் வைத்த புட்டியில் போட்டுக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பெண் பூக்கொத்தில் ஊத வேண்டும். 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகரீதியாக நடப்பட்டதிலிருந்து மலாயாவில் செம்பனை இருந்தாலும், அதன் மகரந்தத்தைக் கொண்டுபோகும் பூச்சி அதோடு சேர்ந்து வரவில்லை. காற்று போதுமான வேலையைச் செய்யவில்லை. அதனால் கூலிக்கு ஆள். செம்பனை காற்றில் சேர்க்கை அடையும் மரம் என்றுதான் நிபுணர்களே நெடுநாள் நம்பினார்கள். பூச்சியியலாளர் ஆர். ஏ. சையத் மேற்கு ஆப்பிரிக்காவில், மரத்தின் சொந்த ஊரில் போய்ப் பார்த்தபோதுதான் சிறிய மூக்கு வண்டுகள் அந்த வேலையைச் செய்வது உறுதியானது. 1981இல் காமரூனிலிருந்து கொண்டுவந்து ஜொகூரில் விட்டார்கள். வண்டு நாடு முழுக்கப் பரவியது, பாட்டியின் வேலை போனது.

"எப்போ நின்னுச்சு பாட்டி?" என்று பேத்தி கேட்டதற்கு வந்த பதில், ஆண்டுக்கணக்கு இல்லை: "ஒரு நாள் கங்காணி வந்து, இனிமே இதுக்கு ஆள் வேணாம்னாரு." அந்தப் பதிவைக் குழு முழுக்கக் கேட்டது. அடுத்த சில நாள்களில் ஆண் பூங்கொத்தின் படங்கள் வரத் தொடங்கின. பூதக்கண்ணாடியைப் பிடித்தால், பழுப்பு நிறத்தில், அரிசி நொய்யைவிடப் பெரிதல்லாத வண்டுகள் மொய்ப்பது தெரிந்தது. பூத்திருக்கும் நேரத்தில் கிட்டே போனால் சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைதான் வண்டை அழைக்கிறது. பெண் பூவும் பூத்த சில நாள்களுக்கு அதே வாசனையைக் காட்டும். உணவும் முட்டையிட இடமும் ஆண் பூவில்தான். பெண் பூவுக்கு வண்டு ஏமாந்துதான் போகிறது, போகிறபோது உடம்பில் தூளைச் சுமந்துகொண்டு.

நான் எவ்வளவு நல்ல காணொளி எடுத்திருந்தாலும் இதில் ஒன்றும் அதில் வந்திருக்காது. எனக்கே அந்தச் சோம்பு வாசனை அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

வகுப்பறைக்குப் போனபோது

பயிற்சியின் பலனை இவர்கள் பிள்ளைகள் முன்னால் நிற்கும்போதுதான் பார்க்க முடியும். சிலருடைய பாடங்களை உட்கார்ந்து பார்த்தேன். ஓர் ஆசிரியை ஐந்தாம் ஆண்டில் தொடர் மின்சுற்று எடுத்தார். ஒரு சிறுவன் எழுந்து, "டீச்சர், முதல் லைட் எல்லாத்தையும் குடிச்சிரும், ரெண்டாவதுக்குக் கம்மியாத்தான் கிடைக்கும்" என்றான். பழைய பழக்கத்தில் "தப்பு, உக்காரு" என்று வந்திருக்கும். அவர், "அப்படின்னா குமிழ் ரெண்டையும் இடம் மாத்திப் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு மின்கலனை அவன் கையிலேயே கொடுத்தார். மாற்றிப் போட்டாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் எரிந்தன. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, மூன்றாவது குமிழையும் சேர்த்தான். மூன்றும் சேர்ந்து மங்கின. பாடத்திட்டத்தில் எழுதியிருந்த முடிவுப் பகுதி அன்று நடக்கவே இல்லை.

வழிகாட்டி ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "இப்படிப் போனா சிலபஸ் எப்ப முடிக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆரம்பப்பள்ளி முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிந்தாலும் பயிற்சிப் புத்தகத்தை நிரப்பும் பழக்கம் அதோடு போகவில்லை. வகுப்பறை மதிப்பீட்டுக்கும் பதிவு வேண்டும், பெற்றோருக்கும் நோட்டில் எழுத்து தெரிய வேண்டும். இன்னொரு பயிற்சி ஆசிரியர் இந்த நெருக்கடியில் கரும்பலகைக் குறிப்புக்கே திரும்பிவிட்டார். சனிக்கிழமையில் எல்லாரையும்விடச் சூடாக வாதாடியவர் அவர்தான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. புதிதாக வந்தவர், பள்ளியின் போக்குக்கு எதிராக எவ்வளவு தூரம் நீந்துவார்?

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். பையின் பொருள்கள் பெரிய செலவில்லை. நேரம்தான் செலவு. கலப்புக் கற்றல் விரிவுரையாளரின் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று நம்புகிறவர்கள் குரல்பதிவுகளை ஒரு வாரம் கேட்டுப் பார்க்கட்டும். அமெரிக்கக் கல்வித் துறைக்காகச் செய்து 2010இல் திருத்தி வெளியிட்ட தொகுப்பாய்வு, கலப்பு முறை நேரடி வகுப்பைவிட மேல் என்று காட்டியதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே அறிக்கை, கலப்பு முறைக் குழுக்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, பலனுக்கு ஊடகம் மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது என்றும் எச்சரித்திருந்தது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. எங்கள் குழுவிலும் அப்படித்தான். இவர்கள் நன்றாகச் செய்ததற்கு ஒரு பெரிய காரணம், மின்சாரத்தோடும் நிலாவோடும் முன்னைவிட அதிக நேரம் மல்லுக்கட்டியது.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. குழுவில் பேசக் கூசுகிறவர்கள். ஊகத்தை எல்லாரும் கேட்கும் இடத்தில் சொல்ல வேண்டும் என்றபோது, இரண்டு பேர் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து அதையே திருப்பிச் சொன்னார்கள். சனிக்கிழமையில் குமிழைத் தற்செயலாக எரியவைத்து, பிறகு அந்தப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவர்களில் ஒருவர். கை வேலையில் கெட்டிக்காரர், குரல்பதிவில் ஊமை. ஊகத்தை எனக்குத் தனியாக அனுப்பச் சொன்னபோது தெளிவான, துணிச்சலான பதிவுகள் வந்தன. ஆனால் தனியாக வந்தால் மற்றவர்கள் அதோடு மோத வழியில்லை.

அடுத்த குழுவுக்கு, முதல் ஊகம் தனியாக வரட்டும், பிறகு பெயர் சொல்லாமல் எல்லா ஊகங்களையும் நானே குழுவில் போடுகிறேன் என்று வைத்திருக்கிறேன். காணொளிகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிட்டாயிற்று. பையில் பிங்பாங் பந்தும் பென்சிலும் சேர்ந்திருக்கின்றன. இழைக் குமிழ்கள்தான் இன்னும் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஈப்போவில் ஒரு பழைய மின்பொருள் கடையில் கொஞ்சம் இருப்பதாகச் சொன்னார்கள், போய்ப் பார்க்க வேண்டும்.